சத்தம் போடாத மருந்து

நவம்பர் 6, வியாழன்

மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டது. பன்றிகளுக்கு யார் சொல்லி அனுப்புகிறார்களோ தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் பொழுதோடே வந்து கிழக்கு வரப்போரம் நாலு சால் உழுதுவிட்டுப் போயிருக்கின்றன.

துப்பாக்கி இருக்கிறது, மருந்து இல்லை. காலை முதல் பஸ்ஸுக்கே கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் பழைய கரிமருந்து இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டு, அதற்குப் பதிலாக வருகிற புது மருந்து என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். சாம்பல் நிறம். மோந்து பார்த்தேன், கந்தக வாடையே காணோம். வாடை இல்லாத மருந்தும் ஒரு மருந்தா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எடை போடக் கூடாதாம். பழைய அளவுக்குழலில் தலை தட்டி ஒரு குழல், அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது என்று மூன்று தடவை சொன்னார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிற ஆளை எனக்கு நம்பத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்காரி மயிலாத்தாளிடம் டப்பாவைக் காட்டினேன். பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே என்னவோ சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 7, வெள்ளி

வருஷத்தின் முதல் வேட்டு என்பதால் முறையாகச் செய்தேன். துப்பாக்கிக் குழாயின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மூக்கில் வெறும் செம்புக் கேப்பை மட்டும் மாட்டி, துப்பாக்கி வாய்க்கு எதிரே ஒரு பூவரசு இலையை வைத்துக் குதிரையைத் தட்ட வேண்டும். கேப்பு வெடித்து இலை ஆடினால் உள்ளே எண்ணெய் அடைப்பு இல்லை, வழி சுத்தம். இலை ஆடியது. பிறகு வாய் வழியாக ஒரு குழல் மருந்து, மேலே தேங்காய் நார், கம்பியால் நன்றாக இடித்து இறுக்கினேன். குண்டு நான் போடுவதில்லை. பன்றி செத்தால் வனத்துறைக்காரன் என்னை உயிரோடு உரித்துவிடுவான். எனக்கு வேண்டியதெல்லாம் சத்தம்தான்.

இருட்டிக்கொண்டு வரும்போது சோளக்காட்டுக்குள் இறங்கினோம். எப்போதும் போல மயிலாத்தாள் என் இடப்பக்கம் நின்று டார்ச் அடித்தாள். சுட்டேன். சத்தமா அது? மச்சிலிருந்து பூசணிக்காய் விழுந்த மாதிரி தொப்பென்று ஒன்று. பன்றிகள் ஓடத்தான் செய்தன. டார்ச் வெளிச்சத்துக்கு ஓடியிருக்கும்.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இவளிடம் சொன்னேன். பதில் இல்லை. இவளுக்கு என் மேல் கோபம். திருப்பூரில் இருக்கும் மகள் சுகன்யாவுக்கு இது எட்டாம் மாதம். இப்போதே போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள் போன மாதம். சோளம் அறுக்காமல் நான் நகர முடியாது, நீயும் போனால் டார்ச் யார் பிடிப்பது என்றேன். அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். உதடு அசைகிறது, வார்த்தை வருவதில்லை. சரி, எத்தனை நாளைக்கு என்று நானும் பார்க்கிறேன். எனக்கும் பேசாமல் இருக்கத் தெரியும்.

நவம்பர் 8, சனி

இந்த வருஷம் மயில்கள் வாயே திறப்பதில்லை. வேலி மேல் ஒன்பது உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட அகவவில்லை. மழைக் குறைச்சலாக இருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

ஒன்றரைக் குழல் போட்டுப் பார்த்தேன். அதே பூசணிக்காய்.

இவள் என் கையைப் பிடித்துக் குழலைக் காட்டி என்னவோ முணுமுணுத்தாள். மருந்து வீணாகிறது என்று கணக்குப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

குக்கர் வெயிட் கெட்டுப்போச்சு. இவள் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது மூன்று விரலைக் காட்டி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படியிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. கடைசியில் கருகல் வாசனைதான் வந்தது. காட்டிலிருந்து ஓடி வந்து அணைத்தவளும் அவள்தான். பருப்பு கரியாகிவிட்டது. தலையில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது வெயிட் வாங்கி மாட்டுகிறேன், அதற்கு ஏன் கண்ணீர் விடுகிறாய் என்று கேட்டேன்.

விசிலைப் பற்றி எனக்கா தெரியாது? என் வாயிலும் காதிலும் முப்பது வருஷம் விசில்தான்.

நவம்பர் 15, சனி

நேற்று இரண்டு குழல். தோளில் கடப்பாரையால் குத்திய மாதிரி இருந்தது. இன்று காலையில் பார்த்தால் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய் இருக்கிறது. உதை இருக்கிறது, சத்தம்தான் இல்லை. இவள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடிப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரன் கருப்பணன் வந்துவிட்டான். அவனுக்குப் பறை மாதிரி குரல். வாசலில் நின்று பேசினால் கொல்லைக்குக் கேட்கும்.

"ஏனுங் கண்டக்டரண்ணா, பொழுதோட என்ன கல்லுக்குழி வெடியா வெச்சீங்க? என்ற கன்னுக்குட்டி கவுத்த அத்துக்கிட்டு ஓடிப்போச்சுங். பொழுது விடிஞ்சுதான் புடிச்சோம்."

கிண்டலுக்கும் இடம் பொருள் உண்டு. ஆமாம் கருப்பணா, சத்தம் பத்தவில்லை, நாளைக்கு இன்னும் கொஞ்சம் போடுகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. மயிலாத்தாளைப் பார்த்தான். அவள் அவனிடம் போய் ஓடை வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தாள். என்னிடம் பேசத்தான் அவளுக்கு வாய் வலிக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

சுகன்யா போன் செய்தாள். இந்தக் காட்டில் டவர் எப்போதும் அரைகுறைதான். கரகரவென்று இரைச்சல், நடுவில் அவள் குரல் பூச்சி மாதிரி. நல்லா இருக்கியா, சரி, அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று கொடுத்துவிட்டேன். தாயும் மகளும் அரைமணி நேரம் பேசினார்கள். அவர்களுக்கு மட்டும் டவர் கிடைக்கிறது.

அப்பா எப்படி இருக்கிறார், வருவாரா என்று அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டாம். கட்டிக்கொடுத்த பிறகு அம்மா மட்டும்தான் வேண்டும் போலிருக்கிறது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதை இவளிடம் சொல்வேனா?

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் கரண்ட் போச்சு. மெழுகுவத்திப் பாக்கெட்டைத் தேடினால் காணோம். அடுப்படியில் இவள் மெழுகை எண்ணெய்ச் சட்டியில் உருக்கிக்கொண்டிருந்தாள். பித்தவெடிப்புக்குப் பூசுவாள், மழை முடிந்தால் வழக்கம்தான். வீடே இருட்டில் கிடக்கும்போதா குதிகாலுக்கு வைத்தியம் என்று ஒரு சத்தம் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 19, புதன்

இரண்டு குழல். ஆச்சரியம், தோள் வலியே இல்லை. உடம்பு பழகிவிட்டது. அறுபத்திரண்டு வயதிலும் பழகுகிற உடம்பு இது.

சத்தம் அதேதான். போன தடவைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. டப்பா முழுக்கக் கலப்படம். நாளை மறுநாள் மூன்று குழல் போடப்போகிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

மூன்று. தோள் லேசாக உதைத்தது. டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தால் தள்ளி நில் என்று சொல்லிவிட்டேன். அவள் தள்ளி நிற்கவில்லை. துப்பாக்கியிலிருந்து ஒரு முழத்தில், என் தோளோடு தோளாக நின்றாள். வீம்பு.

பால் சொசைட்டி வண்டிக்காரன் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டான். இரண்டு நாளாகப் பால் போகவில்லை. பார்த்தால் ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடியும் மெழுகு. இந்த வருஷம் பித்தவெடிப்பு அதிகம் போலிருக்கிறது. ராத்திரி அவள் காலைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். நான் போட்ட போடுக்கு அடி தெரிந்திருக்க வேண்டும். கனமாகவே இருக்கிறது. மருந்து குட்டி போடுகிறதா?

நவம்பர் 27, வியாழன், மத்தியானம்

குட்டி போடவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது.

சுட்ட மறுநாள் குழாய்க்குள் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு ஏறிவிடும். இன்று கழுவும்போது பித்தளை அளவுக்குழல் கை தவறிச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்துவிட்டது. கரண்டி எடுத்து வருவதற்குள் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி படலம். ஆறியதும் வெள்ளைத் தகடாக உறைந்தது. மெழுகு! ஒல்லியான ஆழக் குழல், உள்ளே மருந்துக் கரி படிந்திருக்கும், எட்டிப் பார்த்தாலும் அடி தெரியாது. குழலில் பாதிக்கு மேல் மெழுகை ஊற்றி வைத்திருக்கிறாள். மூன்று குழல் என்று நான் போட்டதெல்லாம் ஒரு குழல்தான்.

சத்தம் வராததன் காரணம் இதோ. கடைக்காரனைத் திட்டினேன், கருப்பணன் வாயைப் பொறுத்துக்கொண்டேன். குற்றவாளி என் அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள். திருப்பூருக்கு அனுப்பாததற்குப் பழி. சோளத்தைப் பன்றி தின்றால் நான் தானாகக் கிளம்பிவிடுவேன் என்ற கணக்கு.

அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குழலைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்துவிட்டேன். இன்று பொழுதோட மூன்று குழல். நிஜமான மூன்று.

நவம்பர் 28, வெள்ளி

நேற்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். ராத்திரி எழுத முடியவில்லை.

ஐந்தரைக்கே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தேன். அவள் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குழல் மின்னுவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். வாளியைப் போட்டுவிட்டு வந்து என் இடப்பக்கம் நின்றாள். உதடு வேகவேகமாக அசைந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கழுவி எண்ணெய் விட்டிருந்ததால் முதலில் வெறும் கேப்பு அடிக்க வேண்டும். இத்தனை வருஷமும் அதற்கு இலை வைப்பேன். என் கண் இலை மேல்தான் இருக்கும். நேற்று கோபத்தில் இலை வைக்க மறந்துவிட்டேன். இலை இல்லாவிட்டால் என்ன, கேப்பு வெடித்தால் படாரென்று கேட்கப்போகிறது.

குதிரையைத் தட்டினேன். ஒன்றுமில்லை.

நமுத்த கேப்பு என்று நினைத்து அடுத்ததை மாட்டினேன். ஒன்றுமில்லை. மூன்றாவதும் அப்படியே. மூன்றும் நமுத்தா போகும்? நமுத்த கேப்பு என்றால் அப்படியே உருண்டையாக இருக்கும். கழற்றிப் பார்த்தேன். செம்பு பூவாக விரிந்து, உள்ளே கருகியிருந்தது. வெடித்திருக்கிறது. கீழே கிடந்த முதல் இரண்டையும் பொறுக்கிப் பார்த்தேன். அவையும் விரிந்திருந்தன.

நாலாவதை மாட்டிவிட்டு, இந்தத் தடவை துப்பாக்கியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த கன்று துள்ளியது. வேலியிலிருந்த மயில் ஒன்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கேப்பில் கடைக்காரனின் மருந்து இல்லை. மயிலாத்தாளின் மெழுகும் இல்லை. அது பழைய டப்பாவிலிருந்த அதே கேப்பு. பழி சொல்ல அங்கே யாருமே இல்லை.

விசில் வராத குக்கர், ஹாரன் அடிக்காத வண்டி, வாய் திறக்காத மயில், இரண்டு நிஜக் குழல் போட்ட அன்றும் கேட்காத வேட்டு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. இப்போது கையில் மூன்று குழல் போடத் தயாராக வைத்திருந்தேன். குழாய் என் வயதுக்காரக் குழாய். நன்றாக இடித்து இறுக்கிய நாருக்குப் பின்னால் அத்தனை மருந்து வெடித்திருந்தால் அது முன்பக்கமாகத்தான் போயிருக்கும் என்று யார் சொல்வது? அவள் முகம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முழத்தில் இருக்கும். அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் குழலை என் கையிலிருந்து வாங்கித் தூர வைத்தாள். பக்கத்தில் குந்தி, என் வலது காதோடு வாயை வைத்தாள். பல நாள் கழித்து அவள் குரலைக் கேட்டேன். கத்துகிறாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. எனக்கு அது சாதாரணப் பேச்சு மாதிரி வந்தது.

"மருந்து நல்லாத்தானுங் இருக்குது. உங்க காதுதானுங்."

ஏன் அப்படியானால் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டுவிட்டேன். கோபத்தில் இத்தனை நாளாக என்னோடு ஏன் பேசவில்லை என்றும் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பேசாம எங்கீங் இருந்தேன்? பேசிப் பேசி என்ற தொண்ட வத்திப்போச்சுங். நீங்கதான் ஒரு பதிலும் சொல்லாம போயிருவீங்க. கோவத்துல பேசாம இருக்கறீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தனுங். குக்கரு கருகுன அன்னிக்குத்தான் காதுன்னு தெரிஞ்சுதுங், சொன்னா அதுவும் உங்களுக்குக் கேக்கலீங்."

அதற்கப்புறம் நான் அழுதேன். அதை எழுதுவதில் வெட்கமில்லை. அவள் என்னோடு பேசவில்லை என்று வீம்பு பிடித்து நான் வாயை மூடிக்கொண்டேன். அவளோ சுவரோடு பேசுவது போல என்னோடு பேசிக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள். தள்ளி நின்றால் நான் இன்னும் ஒரு குழல் போட்டுவிடுவேன் என்று பயந்துதான் ஒரு முழத்தில் நின்றாளாம்.

பன்றிகள் வந்தன. டார்ச் மட்டும் அடித்தோம். ஒரு சால் போச்சு. போகட்டும்.

டிசம்பர் 1, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துச் சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். நான் அதிகம் தூக்கவில்லை. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்குமாம், மெல்லிய சத்தமும் கீச்சென்ற சத்தமும்தான் முதலில் போகுமாம். கருப்பணன் குரல் மட்டும் ஏன் கேட்டது என்று அப்போது புரிந்தது. இன்ஜின் பக்கத்தில் முப்பது வருஷம், போதாததற்குத் துப்பாக்கி. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் கெடும் என்றார். அவள் எப்போதும் நின்று பேசியது அந்தப் பக்கம்தான்.

மிஷின் வைக்கச் சொல்கிறார். வர இரண்டு வாரம் ஆகும்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, நான் கேட்காமல் விட்டதையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எல்லாம் எப்படிச் சொல்வது என்று சிரித்தாள். ஞாபகம் இருப்பதைச் சொல் என்றேன். ஒரு குழலுக்கு மேல் போடாதீங்க என்று முதல் நாளே சொன்னாளாம். குக்கர் அன்று, நீங்க செத்துக்கித்துப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டாளாம். அப்புறம் என் வலது பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"சுகன்யா ஒவ்வொரு தடவையும் உங்களத்தானுங் கேப்பா. அப்பா வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேங்கறா. நீங்க போன என்ற கையில குடுத்துப்போட்டுப் போயிருவீங்க. அப்பாவுக்கு என்மேல என்ன கோவம்னு அவ அழுதுக்கிட்டு இருக்கறாங்."

டிசம்பர் 3, புதன்

துப்பாக்கியைக் கழுவி எண்ணெய் விட்டு, பீரோவில் பூட்டிவிட்டேன். கருப்பணனிடம் காட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தகர டின்னும் கட்டையும் கொடுத்தேன். உன் வாயே போதும், டின் ஒரு பேச்சுக்குத்தான் என்றேன். இந்தத் தடவை சிரித்தான்.

சத்தியமங்கலத்திலிருந்து திருப்பூர் பஸ். கண்டக்டர் பையன் விசில் ஊதுவது கன்னம் உப்புவதில் தெரிந்தது. மயிலாத்தாளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும். நேற்று வரை அவள் கேட்காமலே அதைக் கொடுத்துவிடுவேன். இன்று கொடுக்கவில்லை. ஜன்னலோரம் நான் உட்கார்ந்துகொண்டு, அவளை என் வலப்பக்கம் உட்கார வைத்தேன். புளியம்பட்டி தாண்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். திருப்பூர் வரைக்கும் நிறுத்தவில்லை.

பாதிதான் கேட்டது. மீதிப் பாதியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.